பழைய கோப்பு திறக்கவில்லையா? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கும்பாபிஷேக மலரை மறுபதிப்புச் செய்ய வேண்டும். அச்சகத்தில் அப்போதே வாங்கி வைத்த சி.டி. பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதிலுள்ள கோப்பை எந்தக் கணினியும் திறப்பதில்லை. மாங்கூழ் ஆலையின் பழைய கொள்முதல் கணக்கு, பட்டுக்கூடு வியாபாரியின் பாக்கிப் பட்டியல், பத்திர எழுத்தர் தட்டச்சு செய்து வைத்த பாகப்பிரிவினை வரைவு, பள்ளி ஆண்டு மலர், யாரோ ஊர் ஊராகச் சென்று நடுகற்களைப் பற்றித் தொகுத்த குறிப்பு, திருமண வீடியோ என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் பீரோவுக்குள் தூங்கும் கோப்புகள் ஏராளம். கணினி பற்றி அதிகம் தெரியாதவரும் இவற்றில் பெரும்பகுதியைத் தாமே மீட்டுவிடலாம். எதை எதற்குப் பின் செய்வது என்ற வரிசை மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கோப்பு திறக்கவில்லை என்றதும் பலரும் அந்தக் காலத்து மென்பொருளைத் தேடி அலையத் தொடங்குகிறார்கள். அது வேறு வழியே இல்லாதபோது கடைசியில் செய்யும் வேலை. முதலில் கேட்க வேண்டியவை வேறு. வட்டு படிக்கிறதா? கோப்பு என்ன வகை? உள்ளே இருக்கும் தமிழ் எந்த எழுத்துருவில் அடித்தது? இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்பவர் குறைவு. நம் பக்கத்துக் கோப்புகளில் முடிச்சு விழுவதோ அங்கேதான். கோப்பு முழுதாகத் திறந்துவிடும். பக்கம் பக்கமாகப் புரியாத கிறுக்கல் வரும். 'கெட்டுப்போய்விட்டது' என்று மூடிவிடுவார்கள். பெரும்பாலும் ஒன்றும் கெட்டிருக்காது.

அசலைத் தொடாதீர்கள்

சி.டி., பென் டிரைவ், பழைய ஹார்டு டிஸ்க் எதுவானாலும் முதல் வேலை நகல் எடுப்பது. நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்து, அதில்தான் சோதனைகளைச் செய்ய வேண்டும். அசல் வட்டு உறையிலேயே இருக்கட்டும்.

வட்டைப் போட்டதும் 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று விண்டோஸ் கேட்கலாம். கணினிக்கு அந்த வட்டின் அமைப்பு புரியவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். ஆம் என்று அழுத்தினால் உள்ளே இருப்பது போய்விடும். மறுத்துவிட்டு வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுக்கும் சி.டி.யை இன்னொரு டிரைவ் சாதாரணமாகப் படித்துவிடுவது உண்டு. 3.5 அங்குல பிளாப்பிக்கு யு.எஸ்.பி. டிரைவ் இன்றும் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய 5.25 அங்குல பிளாப்பி அதில் நுழையாது. அதற்குத் தனிக் கருவி வைத்திருப்பவரைத்தான் தேட வேண்டும்.

நகல் எடுக்கும்போது தேவையான கோப்பை மட்டும் பொறுக்கி எடுக்காமல் கோப்புறையை முழுதாக எடுங்கள். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த மலரில் பெரிய படங்கள் பெரும்பாலும் வெளியே தனிக் கோப்பாக இருக்கும். மலர்க் கோப்புக்குள் அவை இருக்கும் இடம் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். எழுத்துருவும் அப்படித்தான், கோப்போடு வருவதில்லை. அச்சகத்தின் பழைய கணினியே கிடைத்துவிட்டால் அதில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பழைய கணினியை எடைக்குப் போடுகிறவர்கள் மலரையும் கணக்கையும் நினைவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஃபான்ட்ஸ் கோப்புறையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நகல் எடுத்த கையோடு வைரஸ் சோதனை செய்யுங்கள். பழைய வேர்டு கோப்புகளில் மேக்ரோ வைரஸ் ஒளிந்திருப்பதும், பழைய பென் டிரைவில் தானே இயங்கும் கோப்பு இருப்பதும் அந்தக் காலத்தில் சர்வசாதாரணம்.

கோப்பு என்ன வகை என்று பார்ப்பது

கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் மூன்று நான்கு எழுத்துகள்தான் பின்னொட்டு. விண்டோஸ் அதை வழக்கமாக மறைத்து வைக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ பகுதிக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்வு செய்தால் தெரியத் தொடங்கும்.

அச்சகம், டி.டி.பி. (கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துத் தரும்) நிலையங்களிலிருந்து வரும் கோப்பு என்றால் பி65 என்பது பேஜ்மேக்கர் 6.5, பிஎம்டி என்பது 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7. சிடிஆர் என்றால் கோரல் டிரா: கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பிளெக்ஸ் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் இருக்கும். கணக்கு வழக்குகளில் டிபிஎஃப் என்று முடிந்தால் டிபேஸ் அல்லது ஃபாக்ஸ்புரோ. டபிள்யூகே1 என்றால் லோட்டஸ் 1-2-3. எம்டிபி என்றால் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ். டபிள்யூபிஎஸ் என்றால் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் ஒர்க்ஸ்.

பின்னொட்டே இல்லாவிட்டால், அல்லது இருந்தும் நம்ப முடியாவிட்டால், கோப்பின் முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். நகலை நோட்பேடில் திறந்தால் போதும். திறந்து பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூட வேண்டும். நிறையக் குப்பை தெரியும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். தொடக்கத்தில் பி, கே என்ற இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இருந்தால் அது ஜிப் பொதி. 2007 முதலான வேர்டு, எக்செல் கோப்புகளும் லிபர்ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் கோப்புகளும் உள்ளுக்குள் ஜிப் பொதிகளே. சேதமான வேர்டு கோப்பின் நகலுக்கு ஜிப் என்று பின்னொட்டு மாற்றித் திறந்தால், எழுத்து போனாலும் உள்ளே மீடியா கோப்புறையில் படங்கள் முழுதாகக் கிடைக்கக்கூடும். விழுக்காட்டுக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளும் இருந்தால் பி.டி.எஃப். நெளிவு அடைப்புக்குறியும் ஆர்டிஎஃப் என்ற எழுத்துகளும் இருந்தால் எதிலும் திறக்கும் ஆர்.டி.எஃப். ஆர்ஐஎஃப்எஃப் என்று தொடங்கினால் ஏவிஐ வீடியோவாகவோ, வேவ் ஒலிக்கோப்பாகவோ, கோரல் டிரா படமாகவோ இருக்கலாம். சற்றுத் தள்ளிப் பார்த்தால் எது என்று எழுதியிருக்கும்.

வேர்டுஸ்டாரில் அடித்த கடிதங்களுக்கு வேறோர் அடையாளம் உண்டு. அவரவர் விருப்பத்துக்குப் பின்னொட்டு வைத்திருப்பார்கள் என்பதால் பெயர் உதவாது. திறந்து பார்த்தால் ஆங்கிலச் சொற்கள் படிக்கும்படி இருக்கும், ஆனால் பல சொற்களில் கடைசி எழுத்து மட்டும் விநோதக் குறியாக மாறியிருக்கும். வேர்டுஸ்டாரின் பழைய பதிப்புகள் பக்கத்தை ஒழுங்குபடுத்துவதற்காகச் சொல்லின் கடைசி எழுத்தில் ஓர் அடையாளத்தைச் சேர்த்துவிடும். அதை நீக்கும் சிறு கருவிகள் இருக்கின்றன. ஒன்றிரண்டு பக்கம்தான் என்றால் கையால் திருத்துவதே வேகம்.

கோப்பின் காலத்தைத் தெரிந்துகொள்வதும் உதவும். மாற்றப்பட்ட தேதியைப் பாருங்கள், உருவாக்கப்பட்ட தேதி நகல் எடுத்த நாளைத்தான் காட்டும். 1980 ஜனவரி 1 என்று இருந்தால் நம்பாதீர்கள்; உள்ளே பேட்டரி தீர்ந்த பழைய கணினி அந்தத் தேதிக்குத்தான் திரும்பும். அப்போது உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டியதுதான். பர்கூர் முகவரியோ காவேரிப்பட்டணம் முகவரியோ 'தருமபுரி மாவட்டம்' என்று இருந்தால், அந்த வரி 2004 பிப்ரவரி 9-க்கு முன்னால் அடித்தது என்று கொள்ளலாம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது அன்றுதான். பழைய லெட்டர்பேடைத் தீரும்வரை பயன்படுத்தியவர்களும் இருப்பார்கள், ஆகவே ஓரிரு ஆண்டு முன்பின் ஆகலாம். காலம் தெரிந்தால் மென்பொருளின் பதிப்பையும் எழுத்துருவையும் ஊகிக்க முடியும்.

திறப்பது

முதலில் நிறுவ வேண்டியது லிபர்ஆஃபிஸ். இலவசம். பழைய வகைகளைத் திறப்பதில் இன்றைய விலையுள்ள மென்பொருள்கள் பலவற்றைவிட இதற்குப் பொறுமை அதிகம். பழைய வேர்டு, எக்செல், ஒர்க்ஸ், வேர்டுபெர்ஃபெக்ட், லோட்டஸ், டிபிஎஃப், கோரல் டிரா ஆகியவற்றைத் திறக்கிறது. பேஜ்மேக்கர் கோப்பையும் திறக்கிறது. அது 'டிரா' என்ற பகுதியில் திறக்கும். பக்க அமைப்பு அங்கங்கே குலைந்திருக்கும், படங்கள் இடம் மாறியிருக்கும். மலரை மறுபதிப்புச் செய்யப்போகிறீர்கள் என்றால் பக்கத்தை எப்படியும் புதிதாகத்தான் அமைப்பீர்கள். தேவையானது எழுத்து. அது வந்துவிட்டால் போதும்.

பழைய பக்கம் அப்படியே வேண்டும் என்பவர்களுக்கு இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் சிஎஸ்6 பதிப்பு வைத்திருக்கும் அச்சகம் உதவும். பேஜ்மேக்கர் 6 முதல் 7 வரையிலான கோப்புகளை அது திறந்தது; அதன் பிறகு வந்த பதிப்புகள் அந்த வசதியைக் கைவிட்டன. புதிய பதிப்பு வைத்திருப்பவரிடம் கொண்டுபோய் 'திறக்கவில்லை' என்று கேட்டுத் திரும்ப வேண்டாம்.

மிகப் பழைய வேர்டு கோப்பை இன்றைய வேர்டு திறக்க மறுத்தால் அது பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு. ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர் வழியாக 'ஃபைல் பிளாக் செட்டிங்ஸ்' சென்று தளர்த்தலாம். அதற்குப் பதில் லிபர்ஆஃபிஸில் திறந்து புதிய வகையில் சேமித்துவிடுவது நல்லது. பூட்டைத் திறந்து வைத்தால் மறுபடி பூட்ட மறந்துவிடுவோம்.

கணக்கு மென்பொருளான டேலி பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். பழைய பதிப்பின் தரவைப் புதிய பதிப்புக்கு மாற்றினால் பின்னால் திரும்ப முடியாது. நகலில் மாற்றிப் பார்த்து, இருப்புத் தொகை பழைய அச்சுப் பிரதியோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகே அதை நம்புங்கள்.

இவை எதுவும் பலிக்காதபோதுதான் பழைய மென்பொருளுக்குப் போக வேண்டும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருள்களை டாஸ்பாக்ஸ் என்ற இலவசக் கருவிக்குள் ஓட்டலாம். விண்டோஸ் எக்ஸ்பி வேண்டும் என்றால், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் நிறுவலாம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-உடன் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது, ஆகவே அதற்கு இணைய இணைப்புக் கொடுக்காதீர்கள். மென்பொருளின் அசல் சி.டி.யும் உரிம எண்ணும் உள்ள அச்சகம் பக்கத்திலேயே இருந்தால் இந்தப் பாடெல்லாம் இல்லாமல் அங்கேயே வேலை முடிந்துவிடும்.

திறந்தது, ஆனால் படிக்க முடியவில்லை

'சார், நான் தமிழில்தான் அடித்தேன், கம்ப்யூட்டர் இங்கிலீஷாக மாற்றிவிட்டது' என்று பென்னாகரத்திலிருந்து வந்த ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். கணினி எதையும் மாற்றவில்லை. அன்றைக்கு அதற்குத் தமிழே தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்ததுதான் அந்தக் காலத்து எழுத்துரு. எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும், அதை எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வரும்.

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்திருந்தால் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஜே என்பது த. கே என்பது ம. பி என்பது இகரக் கொக்கி. ஓ என்பது ழ. அரைப்புள்ளி என்பது மேலே வைக்கும் புள்ளி. இதிலிருந்தே பாமினியை அடையாளம் காணலாம். பக்கம் முழுக்கச் சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி சிதறிக் கிடந்தால் அநேகமாகப் பாமினி, அல்லது அதே அமைப்பில் வேறு பெயரோடு வந்த எழுத்துரு. சென்ட் குறி, பவுண்டு குறி, முக்கால் என்ற பின்னக் குறி மாறி மாறி வந்தால் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு). ஆங்கில எழுத்துகளுக்கு இடையே தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் கலந்து, ஓர் அரசாணை போலவோ அலுவலகக் கடிதம் போலவோ பத்தி பிரித்திருந்தால் வானவில் எழுத்துருவாக இருக்க வாய்ப்பு அதிகம். அரசு அலுவலகங்களில் நீண்ட காலம் புழங்கியது அதுதான்.

ஊகிக்கவே தேவையில்லாத வழியும் உண்டு. வேர்டிலோ லிபர்ஆஃபிஸிலோ அந்தக் கிறுக்கலின் மேல் சுட்டியை வைத்துச் சொடுக்கினால், எழுத்துருப் பெயர்ப் பெட்டியில் அடித்த எழுத்துருவின் பெயர் தெரியும். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் கோப்பில் இருக்கும். பாமினி, வானவில் ஔவையார், டிஎஸ்சி என்றோ டேப் என்றோ டாம் என்றோ தொடங்கும் பெயர்கள், ஷ்ரீ-டாம் என்று தொடங்கி நான்கு இலக்க எண்ணோடு முடியும் பெயர்கள் ஆகியவை அடிக்கடி வரும். டேப், டாம் இரண்டும் 1999-இல் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற குறியாக்கங்கள். 2010-இல் அரசு, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் ஏற்றது. அதன் பிறகும் பல ஆண்டுகள் பழைய எழுத்துருக்களிலேயே வேலை நடந்தது என்பதால், ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

வெறும் உரைக்கோப்பில் எழுத்துருப் பெயர் இருக்காது. அங்கே எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருக்களில் பெரும்பாலானவை எண்களை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டன. கிறுக்கலுக்கு நடுவே 635001 என்று கண்டால் அதற்கு முன்னால் இருக்கும் சொல் கிருஷ்ணகிரியாக இருக்க வேண்டும். 636701 என்றால் தருமபுரி, 635109 என்றால் ஓசூர். தொலைபேசிக் குறியீடுகளும் இந்த ஊர்களையே சுட்டும்: 04342 தருமபுரி, 04343 கிருஷ்ணகிரி, 04344 ஓசூர். அந்த ஒரு வரியை மட்டும் நகலெடுத்து, மாற்றியில் (பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் கருவி) ஒவ்வொரு குறியாக்கமாகத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். எதில் ஊர்ப்பெயர் சரியாக வருகிறதோ அதுதான் கோப்பின் குறியாக்கம். பிறகு முழுவதையும் மாற்றலாம்.

மாற்றி என்றால் சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர் பலருக்கும் பழக்கமானது. பாமினி, டிஸ்கி, டாம், டேப், வானவில், ஷ்ரீலிபி ஆகியவற்றை யூனிகோடாக மாற்றும். தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் எழுத்துரு மாற்றி இருக்கிறது. இவை இரண்டும் இருந்தால் பெரும்பாலான கோப்புகளுக்குப் போதும். ஒரே சொடுக்கில் மாற்றித் தரும் பெயர் தெரியாத இணையதளங்களில் நிலப் பத்திரத்தையோ சங்க உறுப்பினர் பட்டியலையோ ஏற்றாதீர்கள்.

கோப்பில் இடையிடையே ஆங்கிலம் இருந்தால் அதைத் தனியே காப்பாற்ற வேண்டும். பாமினியில் தமிழும் ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால், எது தமிழ் எது ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. மின்னஞ்சல் முகவரி, உரத்தின் பெயர், நிறுவனத்தின் பெயர் எல்லாவற்றையும் தமிழாக்கிக் குதறிவிடும். மாற்றுவதற்கு முன்பே வேர்டில் ஆங்கில எழுத்துரு உள்ள பகுதிகளுக்கு மஞ்சள் பூசி வைத்துக்கொண்டு, அவற்றை விட்டுவிட்டு மற்றதை மாற்றுங்கள்.

ரி படுத்தும் பாடு

மாற்றிய பிறகு எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். தேடிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். கிருஷ்ணகிரி என்று தட்டித் தேடுங்கள். கண்ணெதிரே பத்து இடத்தில் இருக்கும் ஊரை 'இல்லை' என்று கணினி சொல்லும்.

பழைய தட்டச்சுப் பொறியில் ர் என்பதற்கும் ரி என்பதற்கும் தனி விசை கிடையாது. ஆகார எழுத்துக்குப் போடும் காலையே அடித்து, அதன் மேல் புள்ளியோ கொக்கியோ வைப்பார்கள். எழுத்துருக்களும் அதைப் பின்பற்றின. மாற்றி கவனமில்லாததாக இருந்தால் அந்தக் காலைக் காலாகவே மாற்றிவிடும். விளைவு, 'தருமபுாி', 'கிருஷ்ணகிாி', 'அரூா்', 'பா்கூா்', 'ஓசூா்'. சில எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. சிலவற்றில் நடுவே புள்ளிகளால் ஆன சிறு வட்டம் தோன்றும். இரண்டு மாவட்டங்களின் பெயரும் ரி என்று முடிவதால் நமக்கு இது தினப்படித் தொல்லை.

திருத்துவது எளிது. காலுக்குப் பின் புள்ளியோ இகரக் கொக்கியோ ஈகாரக் கொக்கியோ தமிழில் எங்குமே வராது. ஆகவே ஃபைண்ட் அண்டு ரிப்ளேஸில் 'ா்' என்பதற்கு 'ர்', 'ாி' என்பதற்கு 'ரி', 'ாீ' என்பதற்கு 'ரீ' என்று கொடுத்து மொத்தமாக மாற்றிவிடலாம். எதுவும் கெடாது.

இன்னொரு பிழை இப்படி மொத்தமாகத் திருத்தக் கூடாதது. ஔகாரத்தின் வால் பார்வைக்கு ள போலவே இருப்பதால் பௌர்ணமி 'பெளர்ணமி' ஆகியிருக்கும், ஔவையார் 'ஒளவையார்' ஆகியிருப்பார். அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவரின் பெயரில் எழுத்துரு வைத்தும் அவர் பெயரையே நம்மால் சரியாக எழுத முடியாமல் போனது தகடூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கூச்சம்தான். இங்கே மொத்தமாக மாற்றப் போனால் வெள்ளி, ஒளி, பெண்ணின் வெள்ளிக்கொலுசு என்று நல்ல சொற்களும் சேர்ந்து கெடும். ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

கொம்பு வைத்த எழுத்துகளையும் ஒரு முறை பாருங்கள். பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு எழுத்தை அடிப்பார்கள். யூனிகோடில் வரிசை தலைகீழ். வரி உடைந்த இடங்களில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் சிக்கி இருக்கும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து டி.டி.பி. கோப்புகளில் ஒரே பத்திரிகையில் தெலுங்கோ கன்னடமோ சேர்ந்து வரும். கன்னடத்துக்கு நுடி, பரஹா, தெலுங்குக்கு அனு என்று எழுத்துருக்கள் வேறு, மாற்றிகளும் வேறு. தமிழ் மாற்றியில் போட்டால் சொற்களே இல்லாத தமிழ் வரும். எழுத்துருப் பெயர்ப் பெட்டியைப் பார்த்துப் பகுதி பகுதியாகப் பிரித்து மாற்றி, அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பி.டி.எஃப். மட்டும் கையில் இருந்தால், திரையில் தமிழ் அழகாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் அதே கிறுக்கல் வரும். அதையும் மாற்றியில் போடலாம். வரவில்லை என்றால் பக்கத்தைப் படமாக்கி, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) வழியாகப் படிக்கவைக்கலாம். டெசராக்ட், கூகுள் டிரைவ் இரண்டுக்கும் தமிழ் தெரியும். மெய்ப்புப் பார்க்க மட்டும் நேரம் ஒதுக்குங்கள்.

பட்டியலும் கணக்கும்

டிபிஎஃப் கோப்பை நகலெடுக்கும்போது அதே பெயரில் எஃப்பிடி அல்லது டிபிடி என்று முடியும் கோப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நீளமான குறிப்புகள் அதற்குள்தான் இருக்கும். அது இல்லாமல் போனால் பெயரும் தொகையும் வரும், குறிப்பு வராது. டாஸ் காலத்தில் தமிழில் பெயர் பதிந்த கோப்பு என்றால் அது இஸ்கி என்ற குறியாக்கமாக இருக்கலாம். அதற்கான மாற்றி தனி. 97-ஆம் ஆண்டு ஆக்சஸ் கோப்பை ஆக்சஸ் 2013-உம் அதற்குப் பிந்தியவையும் திறக்காது.

பட்டியலை, காற்புள்ளியால் பிரித்த வெறும் உரையான சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் எந்தக் காலத்திலும் திறக்கும். ஆனால் அதை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் 04342 என்பது 4342 ஆகிவிடும், தமிழ் மறுபடி கிறுக்கலாகலாம். 'டேட்டா' பகுதியில் இறக்குமதி செய்து, குறியாக்கம் யூடிஎஃப்-8 என்றும் அந்த நெடுவரிசை உரை என்றும் சொல்லுங்கள்.

வீடியோ

வீடியோவில் வகை பற்றிய கவலை குறைவு, வட்டு பற்றிய கவலைதான் அதிகம். வி.சி.டி.யில் டாட் என்று முடியும் கோப்பு உள்ளே எம்பெக்-1. டி.வி.டி.யில் விஓபி என்று முடிபவை எம்பெக்-2. ஒரு திருமணம் ஒரு ஜிபி ஒரு ஜிபியாகத் துண்டாகி இருக்கும், எல்லாத் துண்டுகளையும் எடுங்கள். பழைய செல்போனில் 3ஜிபி என்ற பின்னொட்டோடு இருக்கும் கோப்பும் இவையும் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓடிவிடும். பேரனுக்கு அனுப்ப எம்பி4 வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் மாற்றித் தரும். வி.சி.டி.யின் படம் 352-க்கு 288 புள்ளிதான். 'எச்டி ஆக்கித் தருகிறோம்' என்பவர்களுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இல்லாத புள்ளியை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? மாற்றிய பிறகும் அசல் டாட், விஓபி கோப்புகளை அழிக்காதீர்கள்.

ஃபிளாஷில் செய்த பள்ளிப் பாடக் குறுந்தகடுகளுக்கு அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. ரஃபிள் என்ற இலவசக் கருவியில் அவற்றில் பல ஓடுகின்றன.

எதில் சேமிப்பது

எழுத்து என்றால் யூனிகோடில் ஓடிடி அல்லது டாக்எக்ஸ். கூடவே தோற்றத்துக்காக பி.டி.எஃப்/ஏ. அது 2005-இல் பன்னாட்டுத் தரமானது. எழுத்துருவைத் தனக்குள்ளேயே பொதித்து வைத்துக்கொள்ளும். லிபர்ஆஃபிஸின் ஏற்றுமதிப் பெட்டியில் அதற்கென ஒரு கட்டம் இருக்கிறது, அதைத் தேர்வு செய்தால் போதும். பட்டியல் என்றால் சி.எஸ்.வி. படம் என்றால் பிஎன்ஜி அல்லது டிஃப். ஜேபெக்கைத் திறந்து திறந்து சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும்.

மூலக்கோப்பும் மாற்றிய கோப்பும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். அதில் சிறு உரைக்கோப்பு ஒன்றில் எந்த எழுத்துரு, எந்த மாற்றி, யார் கொடுத்த சி.டி., எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருந்தால் நல்லது.

வேலையை வெளியே கொடுப்பதானால்

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றிலும் இந்த வேலையைச் செய்யும் டி.டி.பி. நிலையங்கள் இருக்கின்றன. அசல் வட்டைக் கொடுக்காமல் நகலைக் கொடுங்கள். பி.டி.எஃப். மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். யூனிகோடு எழுத்துள்ள, திருத்தக்கூடிய கோப்பையும் கேளுங்கள். வாங்கியதும் கடையிலேயே திறந்து உங்கள் ஊர்ப் பெயரைத் தட்டித் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் ரி, ர் திருத்தம் இன்னும் நடக்கவில்லை. எழுத்துரு மாற்றம் சில நிமிட வேலைதான், நாள் பிடிப்பது மெய்ப்பு. கூலி பேசும்போதே மெய்ப்பு யார் பார்ப்பது, எதை வைத்து ஒப்பிடுவது என்பதையும் பேசிவிடுங்கள். பழைய அச்சுப் பிரதி ஒன்று இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.